பரிமாறுகிறவரே உரிமையாளர்

எங்கள் ஊரில் நெடுங்காலமாக நடந்துவரும் உணவகம் ஒன்றின் வாயிலில், சில மாதங்களுக்கு முன்பு, ‘புதிய நிருவாகம்’ என்று எழுதிய பலகை தொங்கிற்று. பெயர் பழையதே, மேசைகளும் பழையவையே. ஆனால் சாம்பார் நீர்த்துவிட்டது. இருபது ஆண்டுகளாக எங்களுக்கு இலை போட்ட பெரியவரையும் காணவில்லை. கல்லாவில் இருந்தவரைக் கேட்டேன். “பழைய ஆட்களுக்கெல்லாம் கணக்குத் தீர்த்து அனுப்பியாயிற்று” என்றார். கணக்குத் தீர்க்கப்பட்டவர்களின் வீடுகளில் அன்றிரவு என்ன பேசியிருப்பார்கள் என்ற நினைவோடு எழுந்து வந்தேன்.

அந்நினைவு மாறாதிருக்கையில்தான், மருத்துவரைக் காணத் திருவனந்தபுரம் செல்ல நேர்ந்தது. திரும்பும்போது இரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. தம்பானூரில், நிலையத்தின் அருகிலேயே உள்ள இந்தியன் காப்பி ஹவுசுக்குள் நானும் மனைவியும் பேத்தியும் நுழைந்தோம்.

செங்கல்லால் கட்டிய வட்டமான கட்டடம் அது. படிகளே இல்லை, தரையே சுருள் சுருளாக மேலேறிச் செல்கின்றது. மேசைகளும் இருக்கைகளும் சுவரோரமாகக் கட்டடத்தோடு சேர்த்தே அமைக்கப்பட்டுள்ளன. செங்கற்களுக்கு இடையே விட்ட துளைகளின் வழியே வெளிச்சமும் காற்றும் வருகின்றன. இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தையே தம் இல்லமாக்கிக்கொண்ட லாரி பேக்கரின் கைவண்ணம் இது. முழங்கால் வலியுள்ள என் மனைவி, படியில்லாத கட்டடம் கட்டிய அந்த மனிதரை மனமார வாழ்த்தினாள்.

விசிறி மடிப்புத் தலைப்பாகையும் வெள்ளைச் சீருடையும் அணிந்த ஒருவர் வந்து, மசாலா தோசையும் கட்லெட்டும் வைத்துச் சென்றார். தோசையைப் பிரித்த பேத்தி திகைத்தாள். உள்ளே மசாலா சிவப்பாக இருந்தது! பீட்ரூட் கிழங்கு சேர்ப்பது இவ்விடத்து வழக்கம். முதல் வாய் தயக்கத்தோடு போயிற்று, மிச்சம் வைக்கவில்லை.

இந்த உணவகமும் கைமாறியதுதான். 1930களின் பொருளாதார மந்தத்தில் காப்பிக்கொட்டையின் விலை வீழ்ந்தபோது, நம் நாட்டு மக்களைக் காப்பி அருந்தப் பழக்குவதற்காகத் தொடங்கப்பட்டவை இக்கடைகள். 1936-இல் பம்பாயில் முதற்கடை திறந்தார்கள். பின்னர் காப்பி வாரியத்தின் பொறுப்பில் பல நகரங்களுக்கும் அவை பரவின. 1950களின் நடுவில், கடைகளை மூடிவிட வாரியம் முடிவு செய்தது. சமைத்தவரும் பரிமாறியவரும் வேலையிழந்து தெருவில் நிற்கும் நிலை வந்தது.

அப்போது அவர்களுக்கு வழிகாட்டியவர் ஏ. கே. கோபாலன். அவர் பொதுவுடைமைத் தலைவர். அவருடைய கட்சியோடு நம்மிற் பலருக்கு உடன்பாடில்லை. எனினும், ‘மூடுகிறவர்கள் மூடட்டும், கடையை நீங்களே எடுத்து நடத்துங்கள்’ என்னும் கருத்தை அத்தொழிலாளரிடையே ஊன்றியவர் அவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1957-இல் பெங்களூரிலும் தில்லியிலும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாயின. 1958 மார்ச் 8 அன்று கேரளத்தின் முதற்கடை திருச்சூரில் திறக்கப்பட்டது. கேரளத்தில் இன்று திருச்சூரிலும் கண்ணூரிலும் தலைமையிடம் கொண்ட இரு சங்கங்கள் இக்கடைகளை நடத்துகின்றன.

கல்கத்தாக் கல்லூரித் தெருவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1958-இல் அங்குள்ள காப்பி ஹவுஸ் மூடப்பட்டபோது, அதை மீட்கப் பேராசிரியர்களே விண்ணப்பம் எழுதினார்கள். அவ்வாண்டிலேயே கடை மீண்டும் திறந்தது. காப்பி குடிக்க வந்தவர்கள் பரிமாறியவர்களுக்காகக் கையெழுத்திட்டார்கள். எங்கள் ஊர்ப் பெரியவருக்காக நான் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து வந்தது அப்போது உறைத்தது.

எல்லா இடத்திலும் எல்லாம் நன்றாகவே நடந்துவிடவில்லை. பெங்களூரு மகாத்மா காந்தி சாலையில் இருந்த கடை, இடத்தகராற்றினால் 2009-இல் வேறு தெருவுக்குப் போக வேண்டியதாயிற்று. முதலாளி இல்லாத கடைக்கும் வாடகை, கடன், போட்டி எல்லாம் உண்டு.

காப்பி கொண்டுவந்தவரிடம், “இங்கே முதலாளி யார்?” என்று வேண்டுமென்றே கேட்டேன். நரைத்த மீசைக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். “எங்களுக்குப் பங்கு உண்டு, சாரே. மேசை துடைக்கத்தான் வந்தேன்; பிறகு பரிமாறுகிற வேலை கிடைத்தது. அதோ கல்லாவில் இருக்கிறவரும் என்னைப்போல் மேசை துடைத்தவர்தான்” என்றார்.

“அப்படியானால் தாத்தா, முதலாளிதான் நமக்குக் காப்பி கொண்டுவந்தாரா?” என்றாள் பேத்தி.

அவர் சிரித்துவிட்டு, பக்கத்து மேசையில் கிடந்த எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு அந்தச் சரிவில் கீழிறங்கிப் போனார். எங்கள் ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பெரியவரின் வீடு எங்கே என்று விசாரிக்க வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். “கேட்டு வைத்திருக்கிறேன், கிணற்றடித் தெரு” என்றாள் அவள்.