எல்லாக் குழாயும் மூடியாச்சு... பிரஷர் பம்ப் மட்டும் ஏன் விட்டுவிட்டு ஓடுது?

நள்ளிரவு. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். ஒரு குழாய்கூடத் திறந்திருக்கவில்லை. ஆனாலும் மொட்டை மாடியில் இருக்கும் பிரஷர் பம்ப் 'டர்ர்ர்' என்று சில நொடி ஓடி நிற்கிறது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் ஓடுகிறது. விடியும்வரை இதே கதைதான்.

இப்போது சிறிய ஊர்களில் கட்டும் வீடுகளில்கூட ஷவர், கீசர், வெஸ்டர்ன் டாய்லெட் எல்லாம் வந்துவிட்டன. மேல்நிலைத் தொட்டி உயரம் குறைவாக இருந்தால் ஷவரில் தண்ணீர் நூலாகத்தான் வரும். அதற்காகவே பிரஷர் பம்ப் வைக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இந்தச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும். 'மோட்டார் போச்சு, புதுசு மாத்திடுங்க' என்று யாராவது சொன்னால், பல ஆயிரம் ரூபாயை எடுத்து வைத்துவிடுவார்கள். புது பம்ப் வந்த பிறகும் அதே சத்தம் கேட்கும்!

காரணம் எளிது. பெரும்பாலும் பழுது பம்பில் இருப்பதில்லை. எங்கோ தண்ணீர் கசிகிறது என்பதைத்தான் பம்ப் அப்படிச் சொல்கிறது.

பம்ப் எப்படித் தானாக ஓடுகிறது?

பம்போடு ஒரு பிரஷர் சுவிட்ச் இருக்கும். குழாய்க்குள் அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் பம்பை ஓட விடும். மேல் அளவைத் தொட்டதும் நிறுத்திவிடும். பல வீடுகளில் இது 1.4 பாரில் ஓடி, 2.8 பாரில் நிற்கும்படி அமைந்திருக்கும்.

தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. அதனால் மூடிய குழாயிலிருந்து கொஞ்சம் தண்ணீர் கசிந்தாலே அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். அதைத் தாங்கத்தான் பம்புக்குப் பக்கத்தில் சிறிய பிரஷர் டேங்க் வைக்கிறார்கள். அதனுள் ரப்பர் பை. பைக்குள் தண்ணீர், வெளியே காற்று. அந்தக் காற்று ஸ்பிரிங் போலச் சுருங்கி விரிந்து, பம்ப் அடிக்கடி ஓடாமல் பார்த்துக்கொள்ளும்.

மோட்டார் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும், ஒரு கணம் வழக்கத்தைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். இரவு முழுக்க நூறு தடவை கிளம்பினால் காயில் சூடேறும், சுவிட்ச்சின் முனைகள் கருகும். கசிவைக் கவனிக்காமல் விட்டால், நல்ல மோட்டாரும் உண்மையிலேயே போய்விடும்.

ஒரே ஒரு வால்வு போதும்

பம்ப், சுவிட்ச், டேங்க் மூன்றையும் தாண்டி, வீட்டுக்குள் இறங்கும் குழாயில் ஒரு வால்வு இருக்கும். பம்ப் ஓடி நின்றதும் அதை இறுக்கி மூடுங்கள். அரை மணி நேரம் பொறுங்கள்.

பம்ப் அமைதியாக இருந்தால், கசிவு வீட்டுக்குள். மறுபடி ஓடினால், கோளாறு பம்ப் பக்கத்தில். பாதி வேலை இதோடு முடிந்தது.

வீட்டுக்குள் எங்கே தேடுவது?

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். நெய்வேலிப் பக்கத்துக் களிமண், பீங்கான் தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தரும் அரசு நிறுவனம் என அந்தத் தொழிலுக்கு வேண்டியவை அங்கே சேர்ந்திருக்கின்றன. சூளையில் வெந்து, மேலே பளபளப்புப் பூச்சோடு வரும் பீங்கான் கழிப்பறைக் கோப்பை, உடைக்காதவரை தலைமுறை தாண்டியும் இருக்கும். ஆனால் அதற்கு மேலே இருக்கும் ஃப்ளஷ் டேங்குக்குள் ஒரு சின்ன ரப்பர் வாஷர் இருக்கிறது. சில வருடங்களில் அது தடித்துவிடும், அல்லது உப்பு படிந்து சரியாக உட்காராது. சத்தமே இல்லாமல் தண்ணீர் கோப்பையில் வழிந்துகொண்டிருக்கும். முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சமையலறையில் இருக்கும் கேசரி பவுடரில் ஒரு சிட்டிகை எடுத்து ஃப்ளஷ் டேங்கில் போடுங்கள். இருபது நிமிடம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் கசிவு உறுதி. டேங்கில் தண்ணீர் உள்ளே நிற்கும் வழிகுழாயின் விளிம்பைத் தொட்டு நின்றால், மிதவையைச் சற்றே இறக்கி வைக்க வேண்டும். விளிம்புக்குக் கீழே இருந்தும் கசிந்தால், வாஷரை மாற்ற வேண்டும்.

அடுத்து ஹெல்த் ஃபாசெட், கீசரின் பாதுகாப்பு வால்வு, வாஷிங் மெஷினுக்குப் போகும் இணைப்பு, தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக் குழாய். ஒவ்வொன்றின் வால்வையும் தனித்தனியாக மூடிப் பாருங்கள். எதை மூடியதும் பம்ப் அடங்குகிறதோ, அங்கேதான் கசிவு.

சொட்டும் குழாயிலும் பீங்கானுக்கு வேலை உண்டு. கால் சுற்றில் மூடும் புதிய வகைக் குழாய்களில், வழுவழுப்பான இரண்டு பீங்கான் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று நகர்ந்து தண்ணீரைத் தடுக்கின்றன. அவை சீக்கிரம் தேயாது. ஆனால் இடையில் மணல்துகள் சிக்கினால் கீறல் விழும். போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் வடிகட்டி வைப்பது இதற்காகத்தான்.

வால்வை மூடியும் ஓடினால்?

தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வைப் பாருங்கள். அதில் துகள் சிக்கினால், பம்ப் ஏற்றிய அழுத்தம் மேல்நிலைத் தொட்டிக்கே திரும்பிவிடும். எங்கும் ஈரம் இருக்காது, ஒரு சொட்டுத் தண்ணீரும் வீணாகாது; பம்ப் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கழற்றிக் கழுவினாலே பல நேரம் சரியாகும். திரும்ப மாட்டும்போது அதன் மேல் இருக்கும் அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைக் காட்ட வேண்டும்.

மோட்டாரும் பம்பும் சேரும் இடத்தில் சொட்டினால், அது மெக்கானிக்கல் சீல். அதிலும் பெரும்பாலும் ஒரு முகம் கார்பன், மறுமுகம் பீங்கான்தான். இது மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை.

குழாய் திறந்ததும் படபடத்தால்?

குழாய் திறந்திருக்கும்போதே பம்ப் படபடவென்று ஓடி ஓடி நின்றால், பிரஷர் டேங்கில் காற்று இறங்கியிருக்கும். மெயின் சுவிட்சை அணைத்து, குழாயைத் திறந்து அழுத்தம் முழுவதையும் வெளியேற்றுங்கள். டேங்கில் பைக் டயரில் இருப்பது போன்ற வால்வு இருக்கும். அதன் ஊசியை லேசாக அழுத்துங்கள். தண்ணீர் வந்தால் ரப்பர் பை கிழிந்துவிட்டது என்று அர்த்தம். பையை மாற்ற வேண்டும். காற்று மட்டும் வந்தால், டயருக்கு அடிக்கும் பம்பாலேயே நிரப்பலாம். பம்ப் ஓடத் தொடங்கும் அளவைவிட 2 பிஎஸ்ஐ குறைவாக வையுங்கள். 1.4 பார் என்பது சுமார் 20 பிஎஸ்ஐ. அப்படியானால் காற்று 18 பிஎஸ்ஐ.

எவ்வளவு தண்ணீர் போகிறது?

பம்ப் ஓடி நின்றதும் ஒரு வாளியை வைத்துக் குழாயைத் திறங்கள். பம்ப் மறுபடி கிளம்பும் நொடியில் மூடுங்கள். வாளியில் 7 லிட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் மூடிய பிறகு பம்ப் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடினால், கசிவு மணிக்கு 7 லிட்டர். நாளொன்றுக்கு 168 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் பதினோரு குடம்! கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு இது சின்னக் கணக்கு இல்லை.

சக்கரம் வைத்த வீடான கேரவனிலும் இதே தொல்லை உண்டு. கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. இத்தகைய வண்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் குட்டி பம்ப் இருக்கும். இரவில் அது விட்டுவிட்டு ஓடினால், தொட்டித் தண்ணீரும் பேட்டரியும் சேர்ந்தே தீரும். தேடும் முறையில் மாற்றமில்லை.

செய்யக் கூடாதவை

இரவில் பம்பை அணைத்துவிட்டுத் தூங்கலாம். சத்தம் நிற்கும், கசிவு நிற்காது. மேலே தொட்டி இருக்கும்வரை தண்ணீர் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். பிரஷர் சுவிட்சின் திருகைத் தெரியாமல் திருப்பாதீர்கள். ஈரக் கையோடு பம்பைத் தொடாதீர்கள். மூடியைக் கழற்றும் எந்த வேலைக்கும் முன்பு மெயினை அணையுங்கள்.

மெக்கானிக் வந்தால் 'மோட்டாரைப் பாருங்க' என்று சொல்லாதீர்கள். 'வீட்டு வால்வை மூடினா ஓடுது' அல்லது 'மூடினா நிக்குது' என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம், தேவையில்லாத புது மோட்டார் செலவைத் தவிர்த்துவிடும்.