வழி திறந்த வரலாறு

உரிமைப் போராட்டங்களை நினைவூட்டும் அருங்காட்சியகங்களை நாம் பொழுதுபோக்கு இடங்களாகக் கருதுதல் தகாது. அவை வரலாறு பயிலும் வகுப்பறைகளாகும். சேலம், நாமக்கல் பகுதியினர் ஒரே இருப்புப்பாதை வழியில் கண்டுவரத் தக்கவை இரண்டு. ஒன்று, ஈரோட்டிலுள்ள பெரியார் அண்ணா நினைவகம். மற்றொன்று, கேரளத்து வைக்கத்திலுள்ள பெரியார் நினைவகம்.

வைக்கம் மகாதேவர் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கத் தடை இருந்தது. அத்தெருக்களில் இசுலாமியரும் கிறித்தவரும் நடக்கலாம் என்பது நாம் ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தி. 1924 மார்ச் 30 அன்று அங்கே அறப்போர் தொடங்கியது. தலைவர்கள் சிறைப்பட்டபின் ஈரோட்டிலிருந்து சென்ற பெரியார் இருமுறை சிறை புகுந்தார். நாகம்மையாரும் களத்தில் நின்றார். 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது மூன்று பக்கத் தெருக்களே அனைவர்க்கும் திறந்தன. கோயிலுள் நுழையும் உரிமையோ 1936ஆம் ஆண்டில்தான் திருவிதாங்கூர் அரசாணையால் கிட்டியது.

தமிழ்நாடு அரசு புதுப்பித்த வைக்கம் நினைவகம் 2024 டிசம்பர் 12 அன்று திறக்கப்பட்டது. அங்குச் செல்வோர் சிலைமுன் படமெடுத்துத் திரும்பினால் பயன் சிறிதே. அத்தெருக்களில் ஒருமுறை நடந்து பார்த்தல் வேண்டும். நமக்கு வழி இருந்தமையால் பிறர்க்கு மறிக்கப்பட்டதைக் காணத் தவறினோமா என நம்மை நாமே வினவுதல் வேண்டும். ஊர் திரும்பியபின் நம் தெருவிலும் அவ்வினாவை எழுப்புவோமாயின், அதுவே அப்பயணத்தின் நிறைவாகும்.