மூக்கை நம்பி மோசம் போகாதீங்க! வாடையே அடிக்காமல் வயிற்றைக் கெடுக்கும் மயோனைஸ்

பார்த்தால் வெள்ளை வெளேர். நாக்கில் வைத்தால் வழவழ. கெட்ட வாடை துளிகூடக் கிடையாது. ஆனால் உள்ளே எமன் உட்கார்ந்திருக்கலாம்!

ஷவர்மா, பொரித்த கோழிக்குத் தொட்டுக்கொள்ளும் மயோனைஸ் பற்றித்தான் பேச்சு. இப்போது வீட்டு சாலட்டுக்கும் இது வந்துவிட்டது. பச்சை முட்டை, எண்ணெய், எலுமிச்சைச் சாறு. மிக்சியில் அடித்தால் இரண்டே நிமிடத்தில் ரெடி!

3 மாநிலங்களில் தடை

பச்சை முட்டை மயோனைசுக்கு 2023 ஜனவரியில் கேரளாவும், 2024 அக்டோபரில் தெலுங்கானாவும் தடை போட்டன. தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. தயாரிப்பது, சேமித்து வைப்பது, விற்பது எல்லாமே அதில் அடக்கம்.

கடைக்கு அதிகாரி வருவார். வீட்டு அடுப்படிக்கு யார் வருவார்? அங்கே நாமேதான் அதிகாரி!

காட்டிக் கொடுக்காத கிருமி

"மோந்து பார்த்தேன், நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். இங்கேதான் கோளாறு. சாம்பார் ஊசினால் நுரைக்கும், மூக்குக்கே தெரிந்துவிடும். பச்சை முட்டையில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமி வாடையையும் மாற்றாது, ருசியையும் மாற்றாது. வெதுவெதுப்பான இடம் கிடைத்தால் சுமார் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். அந்தக் கணக்கில் ஒரே ஒரு கிருமி 4 மணி நேரத்தில் 4 ஆயிரத்தைத் தாண்டும்!

கடிகாரத்தைப் பாருங்க

ஆகவே மூக்கை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வீட்டு மயோனைசை 5 டிகிரிக்குக் கீழே வைத்து, 3, 4 நாளில் தீர்த்துவிட வேண்டும். பாட்டிலில் தேதியை எழுதி ஒட்டுங்கள். பிரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள். திறந்து திறந்து மூடுவதால் அங்கே குளிர் குறைவு. வெளியே 2 மணி நேரம்தான் கெடு. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். கரண்ட் போய் 4 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதா? யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

பிரிட்ஜ் கிருமியின் வேகத்தைத்தான் குறைக்கும், கொல்லாது. முட்டையே இல்லாமல் பாலில் அடித்துக்கொண்டால் இந்த முட்டைப் பயம் இல்லை. அதையும் பிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறவைத்து வெளியே வைப்பதும் ஆபத்து. காற்றுப் புகாத இடத்தில் வளரும் இன்னொரு கிருமி அதில் நரம்பையே முடக்கும் விஷத்தை உண்டாக்கலாம். பிரிட்ஜில் வைத்தாலும் 4 நாளுக்கு மேல் வேண்டாம்.

எண்ணெயும் வினிகரும் கலந்த சாலட் சாறு தனித்தனியாகப் பிரிந்து நின்றால் பயமில்லை, குலுக்கினால் சேர்ந்துவிடும். பூஞ்சை, குமிழி, உப்பிய மூடி, சிக்கு வாடை இருந்தால் மட்டும் நேரே குப்பைதான்.

6 மணி நேரத்தில் ஆரம்பம்

சால்மோனெல்லா உள்ளே போனால் 6 மணி நேரத்திலிருந்து 6 நாளுக்குள் காய்ச்சல், வயிற்று வலி, பேதி பிடுங்கும். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மிச்சத்தைக் கொட்டினால் ஒரு முட்டையும் கொஞ்சம் எண்ணெயும்தான் நஷ்டம். "வீணாப் போகுதே"ன்னு வழித்துச் சாப்பிட்டால் ஆஸ்பத்திரி பில்லில்தான் போய் நிற்கும்!