ஏரிக்கரையில் ஓர் இரவு

கொடைக்கானலுக்கு அப்பால் உள்ள மன்னவனூர் ஏரிக்குக் கூடாரமடித்துத் தங்க வருவோர் பலர். சென்ற சனவரியில் நண்பர்கள் அறுவருடன் நானும் சென்றேன். நீருக்கு மிக அருகே, பள்ளமான புல்தரையைத் தேர்ந்தவன் நானே. விடிவதற்குள் போர்வைகள் நனைந்து, பற்கள் தந்தியடித்தன. மழையோ ஒரு துளியும் இல்லை!

காரணம் எளிது. மேகமற்ற இரவில் தரை தன் வெப்பத்தை வானை நோக்கி வீசிக் குளிர்கிறது. அதைத் தொடும் காற்றும் குளிர்ந்து, அடர்த்தி மிகுந்து, தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஏரி இருப்பதே பள்ளத்தில்தானே! போதாக்குறைக்கு, குளிருக்கு அஞ்சிக் கூடாரத்தின் சன்னல்களை இறுக மூடினோம். எங்கள் மூச்சிலிருந்த நீராவியே துணியில் படிந்து சொட்டியது. ஒரு சன்னலையாவது திறந்து வைத்து, சற்று மேட்டில் அடித்திருந்தால் இவ்வளவு நனைந்திருக்க மாட்டோம். மேலே போர்த்துவது போலவே கீழே சாக்கு விரிப்பதும் தேவை. குளிர்ந்த தரை உடற்சூட்டை உறிஞ்சிவிடும்.

ஊர் திரும்பி அப்பாவிடம் சொன்னேன். அவர் ஆடு மேய்ப்பவர், பள்ளிக்கூடம் அறியாதவர்.

"பள்ளத்துல பனி எறங்கும்டா. நம்ம கிடையை என்னைக்காச்சும் பள்ளத்துல போட்டிருக்கமா?" என்றார்.

வெப்பச்சலனம் பற்றித் தேர்வில் நான்கு பக்கம் எழுதியவன் நான். அந்தக் கிடைக்குக் காவலாக, மேட்டில், எத்தனையோ இரவுகள் அவர் அருகே படுத்திருக்கிறேன்.