விளக்கொளியின் விலை

மாலை மங்கியதும் ஆளியை அழுத்துகிறோம், மின்குமிழ் ஒளிர்கிறது. அவ்வொளி எதனால் உண்டாயிற்று என எண்ணிப் பார்ப்போர் நம்மிற் சிலரே.

மலைநாட்டு அருவிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா. அவருடைய எண்ணம் 1950இல் இலக்சபானாவில் நிறைவேறியது. பின்னர் மகாவலித் திட்டத்தினால் கொத்மலை, விக்டோரியா நிலையங்கள் எழுந்தன. 1990களின் நடுப்பகுதிவரை நம் மின்சாரத்தின் மிகப் பெரும்பகுதியை ஆறுகளே ஈந்தன. புகையுமில்லை, எரிபொருட் செலவுமில்லை.

ஆயின், தேவை வளர்ந்த அளவுக்கு ஆறுகள் வளருமோ? 1981இல் நம் நாட்டின் பெரும்பாலான வீடுகள் மண்ணெண்ணெய் விளக்கையே நம்பியிருந்தன. இன்றோ ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் மின்சாரம் உண்டு. மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் வந்தன, தொழிற்சாலைகளும் பெருகின. 1996இல் மழை பொய்த்தபோது நாடு நாள்தோறும் பல மணிநேரம் இருளில் மூழ்கியது. அதன்பின், விரைவிற் கட்டக்கூடிய எண்ணெய் மின்னிலையங்களை நாடினோம். எண்ணெயிலும் மலிவானதென்று நிலக்கரியைத் தேர்ந்தோம். சீனக் கடனுதவியுடன் எழுந்த நுரைச்சோலை நிலையத்தின் முதல் இயந்திரம் 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் அதன் ஆற்றல் 900 மெகாவாற்று ஆயிற்று. நிலக்கரியிலிருந்து ஓர் அலகு மின்சாரம் பெறும்போது, ஏறக்குறைய ஒரு கிலோகிராம் காபனீரொட்சைட்டு வானிற் கலக்கிறது. புவியை வெப்பமாக்கும் வாயுக்களுள் முதன்மையானது இதுவே.

இதற்காக விளக்கேற்றிய ஏழையைக் குறைகூறுவது நீதியன்று. எரிபொருளால் இலங்கையர் ஒருவர் ஆண்டொன்றுக்கு வெளியிடுவது சராசரியாக ஒரு தொன்னளவே. உலகச் சராசரியோ நான்கு தொன்னுக்கும் மேல்.

உண்மையான காரணம் கைமுதல் இல்லாமையே. கையிற் பணமுள்ள குடும்பம் அரிசியை மூட்டையாக வாங்கும். இல்லாத குடும்பம் நாள்தோறும் கடையிற் கொத்துக் கொத்தாக வாங்கும். ஆண்டு முடிவிற் கூடுதலாகச் செலவிட்டது எதுவென்பதை யாவரும் அறிவர். காற்றாலைக்கும் சூரியத் தகட்டுக்கும் செலவெல்லாம் முதலிலேயே வந்துவிடும். பின்னர்க் காற்றுக்கும் வெயிலுக்கும் விலையில்லை. நிலக்கரிக்கோ ஆண்டுதோறும் டொலர் வேண்டும். வட்டி உயர்ந்த நாட்டில், முதலீடு பெரிதாயுள்ள தூய வழியே கடினமாகிறது. 2022இல் டொலர் தீர்ந்து எரிபொருள் வாங்க வழியின்றி, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நேர்ந்ததை யார் மறப்பர்?

மன்னார்த் தீவில் 2020இல் திறக்கப்பட்ட காற்றாலைகள் முப்பதும் வேறொரு வழியைக் காட்டுகின்றன. அவ்வழியிற் செல்லக் குறைந்த வட்டியிற் கடன் வேண்டும். அதனைத் தேடுவது அரசின் கடன். மாலை ஆறரை முதல் பத்தரை மணிவரை மின்சாரத்தின் தேவை உச்சமடைகிறது; கதிரவன் மறைந்த அவ்வேளையிற் சூரியத் தகடும் உதவாது. அப்பொழுது துணி அழுத்தாது, அவ்வேலையைப் பகலிலே முடித்துக்கொள்வது நம் இல்லத்தின் கடன்.