பாத்தி ஓரத்தில் ஒரு வகுப்பு

தொடக்கப்பள்ளிகள் பலவற்றில் ஒரு சிறு தோட்டம் உண்டு. நுழைவாயில் அருகே பூச்செடிகளும் பின்புறம் இரண்டு மூன்று காய்கறிப் பாத்திகளும் இருக்கும். செடிகளுக்குப் பெயர்ப்பலகைகூட இருக்கும். ஆயினும், போட்டிக்காகவோ வருகையாளருக்காகவோ பராமரிக்கப்படும் தோட்டம் பள்ளிக்கு அணிகலன் மட்டுமே. மாணவர்கள் அங்கே நின்று அளந்து, எழுதி, கேள்வி கேட்கும்போதுதான் அது வெளிப்புற வகுப்பறை ஆகிறது.

பள்ளியையும் தோட்டத்தையும் இணைக்கும் எண்ணம் புதியதன்று. ஜெர்மானியக் கல்வியாளர் பிரெட்ரிக் புரோபெல் 1840ஆம் ஆண்டில் தம் மழலையர் பள்ளிக்குக் ‘கிண்டர்கார்டன்’ என்று பெயரிட்டார். ‘குழந்தைகளின் தோட்டம்’ என்பது அதன் பொருள். அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு பாத்தி இருந்தது. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1995ஆம் ஆண்டில் ஓர் இடைநிலைப்பள்ளியின் தார்த்தளம் அகற்றப்பட்டுக் காய்கறித் தோட்டம் உருவானது. சமையற்கலைஞர் எலிஸ் வாட்டர்ஸ் தொடங்கிய அத்தோட்டம் பல நாடுகளின் கவனத்தை ஈர்த்தது.

நம் நாட்டின் அனுபவம் சற்று வேறானது. 1916ஆம் ஆண்டில் ஆர். ஓ. வின்ஸ்டெட் என்னும் ஆங்கிலேய அதிகாரி ஜாவாவுக்கும் பிலிப்பைன்சுக்கும் சென்று பள்ளிகளைப் பார்வையிட்டார். மலாய்ப் பள்ளிகளில் தோட்டவேலையும் கைத்தொழிலும் இடம்பெற வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். 1922ஆம் ஆண்டில் தஞ்சோங் மாலிமில் திறக்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலும் தோட்டக்கலை கற்பிக்கப்பட்டது. உழவர் பிள்ளைகளை உழவர்களாகவே வைத்திருக்கும் திட்டம் இது என வரலாற்றாசிரியர்கள் பிற்காலத்தில் குறைகூறினர்.

அந்தக் குறை இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது. கிள்ளானுக்கு வடக்கே உள்ள மேரு வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் பரந்து கிடந்தன. இன்று அங்கு வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் பெருகிவிட்டன. தோட்டப்புறத்தில் உழைத்தவர்கள், தம் பிள்ளைகள் அந்த உழைப்பிலிருந்து விடுபட வேண்டும் என்றே அவர்களைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பள்ளியிலும் பிள்ளையின் கையில் மண்வெட்டியா என்று ஒரு தாத்தா கேட்டால், அதில் நியாயம் உண்டு. எத்தனை கிலோ காய் கிடைத்தது என்பதோடு முடிந்துவிடும் தோட்டத்தால் அவருக்குப் பதில் சொல்ல இயலாது.

பதில் மாணவரின் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். ஓர் எளிய சோதனையைப் பார்ப்போம். இரண்டு தொட்டிகளில் பச்சைப்பயற்றை விதைத்து, ஒன்றை வெயிலிலும் மற்றொன்றை இருண்ட அறையிலும் வைக்க வேண்டும். எது உயரமாக வளரும் என்று கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் வெயிலில் உள்ளதையே சொல்வார்கள். ஒரு வாரம் கழித்து அளந்தால், இருட்டில் உள்ள நாற்றே உயரமாக இருக்கும். ஆனால், அதன் தண்டு மெலிந்து, இலைகள் வெளிறியிருக்கும். ஒளி இல்லாததால் பச்சையம் உருவாவதில்லை. விதையில் சேமிக்கப்பட்ட உணவைச் செலவழித்து, ஒளியைத் தேடி நாற்று நீள்கிறது. அந்த உணவு தீர்ந்தபின் அது மடிந்துவிடும். உயரமே நல்ல வளர்ச்சி என்ற தங்கள் கணிப்பு தவறியதை மாணவர்கள் தாங்களே அளவுகோலால் கண்டறிகிறார்கள். ஒளிச்சேர்க்கைப் பாடத்திற்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் அரிது.

பாத்தியின் சுற்றளவும் பரப்பளவும் கணிதத்திற்கு உதவும். செடித்தட்டில் தேங்கிய நீரில் கொசுப்புழு நெளிந்தால், அது நலக்கல்விப் பாடம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும். ஆகவே, வாரம் ஒருமுறை தட்டுகளைக் கவிழ்ப்பது கட்டாயம் என்பதை மாணவர்கள் கணக்கிட்டே சொல்லிவிடலாம்.

தமிழ்மொழிக்கும் இங்கே நிறைய வேலை உண்டு. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு ஆகிய சொற்களைப் பட்டியலாக மனனம் செய்தால் மறந்துவிடும். ஒரே செடியில் ஐந்தையும் தொட்டுப் பார்த்தவருக்கு மறப்பது கடினம். இளங்காயைப் பொதுவாகப் பிஞ்சு என்போம். ஆனால், வாழையின் பிஞ்சு கச்சல், மாவின் பிஞ்சு வடு, பலாவின் பிஞ்சு மூசு, தென்னையின் பிஞ்சு குரும்பை. இத்தனை சொற்களை ஆக்கியவர்கள் செடிகொடிகளைக் கூர்ந்து கவனித்திருக்க வேண்டும்.

இத்தகைய தோட்டத்திற்குப் பெரிய நிலம் தேவையில்லை. வெயில் படும் நடைபாதை ஓரத்தில் சில தொட்டிகள் போதும். உண்மையான சிக்கல் பள்ளி விடுமுறைதான். நீரூற்ற ஆளில்லாமல் கீரைகள் வாடிவிடும். ஆகவே, தவணையின் தொடக்கத்திலேயே, ஏறத்தாழ நான்கு வாரத்தில் அறுவடைக்கு வரும் கங்கோங் போன்றவற்றை விதைத்து முடித்துவிடுவது நல்லது. கறிவேப்பிலை, கற்பூரவல்லி, செரை ஆகியவற்றை நிலத்தில் நட்டால், கிள்ளான் பள்ளத்தாக்கின் மழையே பெரும்பாலும் அவற்றைக் காப்பாற்றிவிடும்.