ஸ்கேன் காட்டாததை ரத்தம் காட்டுமா?

தலையில் பலத்த அடிபட்டு நினைவில்லாமல் கிடப்பவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்க முடியாது. கண் திறக்கிறாரா, வாய் பேசுகிறாரா, கை கால் அசைக்கிறாரா என்று பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்த முறை இது. 8 அல்லது அதற்கும் குறைவு என்றால் காயம் கடுமையானது, உடனே சி.டி. ஸ்கேன். அதற்காக எந்த ரத்தப் பரிசோதனைக்கும் காத்திருக்கக் கூடாது. மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் உயிர்.

சி.டி.யில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் ஆள் விழிக்கவில்லை. ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் குடும்பத்தை அதிகம் வதைப்பது இந்த நிலைதான். தலை வேகமாகச் சுழன்று நின்றதில் நரம்பிழைகள் பல இடங்களில் அறுந்திருக்கலாம். அதைக் காண எம்.ஆர்.ஐ. வேண்டும். வெண்டிலேட்டரில் இருப்பவரை அங்கே கொண்டுபோவது லேசான காரியமல்ல. காந்தம் இழுக்காத கருவிகள் வேண்டும். நெடுநேரம் மட்டமாகப் படுக்கவைக்க வேண்டும். அதற்குள் மூளை அழுத்தம் ஏறிவிடலாம்.

யாரை அழைத்துப்போவது என்று முடிவெடுக்க ரத்தம் உதவலாம். நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் நட்சத்திர வடிவ அணுக்களில் ஜி.எஃப்.ஏ.பி. என்ற புரதம் இருக்கிறது. அந்த அணுக்கள் சிதைந்தால் அது ரத்தத்தில் கசியும். முன்பு நம்பியிருந்த எஸ்100பி என்ற புரதம் கொழுப்பிலும் தோலிலும்கூட உண்டு. கால் முறிந்தாலே அளவு கூடிவிடும். அமெரிக்காவின் டிராக்-டி.பி.ஐ. ஆய்வு 2019-இல் சொன்னது என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது: சி.டி.யில் கோளாறு தெரியாத 450 பேரில் 120 பேருக்கு எம்.ஆர்.ஐ.யில் காயம் தெரிந்தது. அவர்களிடம் ஜி.எஃப்.ஏ.பி. தெளிவாகக் கூடுதலாக இருந்தது.

அமெரிக்க அரசு 2018-இல் அனுமதித்த இத்தகைய முதல் ரத்தப் பரிசோதனை லேசான காயங்களுக்கானது, யாருக்கு சி.டி. தேவையில்லை என்று சொல்வதற்கு. 2024-இல் படுக்கையருகே 15 நிமிடத்தில் முடிவு தரும் முறைக்கும் அனுமதி கிடைத்தது. பேச முடியாதவர்களுக்கும் இது பயன்படும்படி ஆய்வுகள் பெருக வேண்டும். அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

ஒன்று மட்டும் இப்போதே நம் கையில் இருக்கிறது. யூ.சி.எச்.எல்.1 என்ற இன்னொரு புரதம் அடிபட்டு 8 மணி நேரத்திலும், ஜி.எஃப்.ஏ.பி. 20 மணி நேரத்திலும் உச்சம் தொடும். எத்தனை மணிக்கு அடிபட்டது என்று தெரியாவிட்டால் ரத்தத்தில் காணும் அளவைப் புரிந்துகொள்ளவே முடியாது. ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுபவர் அந்த நேரத்தைச் சொல்லி அனுப்பட்டும்.